என் கொள்ளுச் சுண்டலும் ஏழு கைச் சோறும்

ஏலச்செடியைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செடி ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து நிற்கும். காய் மட்டும் மேலே இருக்காது. தூரைச் சுற்றித் தரையோடு தரையாகச் சரம் ஓடும், அதில்தான் காய்க்கும். அதனால் காய் எடுக்கிறவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே தீர வேண்டும். இலையை விலக்கி, விளைந்ததை மட்டும் கிள்ளி, பிஞ்சை விட்டுவிட்டு, எழுந்து அடுத்த தூருக்குப் போய் மறுபடி உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறோம் என்று எங்களில் யாரும் எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் மறுநாள் ஜீப்பில் ஏற மனசு வந்திருக்காது.

பதினான்கு வருஷமாக நான் போடியிலிருந்து அதிகாலை ஜீப்பில் மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் வருகிறேன். எங்கள் செட்டில் எட்டுப் பேர். தேவாரத்து அக்கா இருக்கிறாள், யானை புகுந்த கதையை வாரம் ஒரு தடவை புதுசாகச் சொல்வாள். சிலமலைப் பிள்ளை இருக்கிறாள், செட்டில் சின்னவள், வாய் மட்டும் பெரிது. பொட்டிபுரத்து மதினி இருக்கிறாள். எனக்குச் சொந்தமில்லை, மூத்தவள் என்பதால் மதினி. ஐம்பதைத் தாண்டியும் எங்களில் வேகமான கை அவளுடையதுதான். மிச்ச நான்கு பேரும் போடிக்காரிகள், என் தெருவுக்கு முன்னும் பின்னும்.

இந்த எட்டுப் பேரில் அதிக எடை நான்தான். ஜீப்பில் நான் ஏறினால் சிலமலைப் பிள்ளை, "அண்ணே, லோடு ஏறிருச்சு, கெளப்புங்க" என்பாள். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், ஆனால் அது கேலிக்கு வராது.

போன வருஷம் மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் ஒரு தூரடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. கையை ஊன்றிப் பார்த்தேன், சேறு வழுக்கியது. கடைசியில் இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். தூக்கும்போது மூன்று பேரும் சேர்ந்து பின்னால் விழுந்தோம். தோட்டமே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

சிரிக்காதவர் கங்காணி ஒருவர்தான். சாயங்காலம் காய் நிறுக்கிற இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மலைக்காரர், பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். சரிவில் விழுந்து கையோ காலோ ஒடிந்தால் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். "சேச்சி, இனி ஸ்டோருக்குப் போயிருங்க. உக்காந்த எடத்துல வேலை."

ஸ்டோர் என்றால் காய் உலர்த்தித் தரம் பிரிக்கிற கட்டடம். அங்கே மேஜைமுன் உட்கார்ந்து நாள் முழுக்கக் காய் பொறுக்க வேண்டும். அதற்குத் தனி ஜீப்பு, தனி ஆட்கள், வேறு நேரம். உலர்த்துகிற அறையின் சூடு பக்கத்து அறைவரை வரும். கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் பதினான்கு வருஷம் இந்த ஏழு பேரோடு போய் வந்தவளுக்கு அது நாடு கடத்துவதுதான். என் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களைவிட இவர்களோடு நான் பேசியது அதிகம். கங்காணியிடம் கெஞ்சினேன். நான் கெஞ்சி அவர் பார்த்ததில்லை, அதனாலேயோ என்னவோ இரண்டு எடுப்பு தவணை கொடுத்தார். ஒரு எடுப்பு முடிந்து அதே செடிக்குத் திரும்பி வர நாற்பது நாற்பத்தைந்து நாள் ஆகும். மூன்றாவது எடுப்பின் முதல் நாள் யாரும் தூக்காமல் நானாக உட்கார்ந்து எழ வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டோர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போடியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். மாத்திரை எழுதித் தருவார், முழங்கால் சரியாகிவிடும் என்று நினைப்பு. அவர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, எடை மிஷினில் ஏறச் சொன்னார். பத்து கிலோ இறங்கினால் முட்டிக்கு நல்லது என்றார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, ராத்திரி இரண்டு தோசை என்று டாக்டரிடம் எல்லோரும் சொல்கிற பொய்யை நானும் சொன்னேன்.

எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "கொஞ்சம் சோறுன்னா எவ்வளவு?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர் திட்டவில்லை. எந்தப் பண்டமும் தானாக உடம்பைக் கரைத்துவிடாது, கரைக்கும் என்று விற்கிற பொடியை வாங்காதே என்றார். வயிற்றை நிறைத்துப் பசியைத் தள்ளிப்போடுகிற சாப்பாடாகப் பார்த்துச் சாப்பிட்டால் சோறு தானாகக் குறையும். அதற்குக் கடை கடையாக அலைய வேண்டாம். கொள்ளு, பாசிப்பயறு, கேப்பை, கீரை, சுரைக்காய், பீர்க்கங்காய், அவித்த முட்டை, கொய்யா, கடைந்த மோர். எல்லாம் போடி மார்க்கெட்டில் நான் தினம் தாண்டிப் போகிறவைதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பீஸ் கொடுத்துப் பார்த்த டாக்டர் சுரைக்காயைச் சொல்லுவார் என்று யார் நினைப்பார்கள்?

ஆனால் இறங்கினால் முழுசாக இறங்குகிறவள் நான். வீட்டுக்குப் போகும் வழியிலேயே கொள்ளு வாங்கினேன். ராத்திரி ஊறப்போட்டு, விடியற்காலையில் குக்கரில் ஐந்தாறு விசில் விடுவேன். வேகவைத்த தண்ணீரை வடித்துப் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்துத் தேங்காயைக் கையளவுக்குப் பதில் விரலளவு தூவினால் சுண்டல். மீதி இருந்தால் துவையல். சோற்றுப் பாத்திரத்தில் பாதிக்குச் சுண்டல், கால்வாசிக்குக் கீரையோ பீர்க்கங்காயோ, மிச்சம் ஒரு அகப்பைச் சோறு. காலையில் கேப்பைக் கூழில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டு ஏறுவேன். கொள்ளுக்கு ஒரு குணம் உண்டு. அவசரமாகத் தின்ன முடியாது. மென்று முடிப்பதற்குள் வயிறு போதும் என்று சொல்லிவிடும்.

ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள், குதிரை வண்டிக்காரனுக்குத்தான் கொள்ளு வாங்குகிற செலவு, ஆட்டோக்காரனுக்கு எதற்கு என்று கேட்டார். வீட்டில் உருளைக்கிழங்கு ரோஸ்ட் நின்றுபோன துக்கம் அவருக்கு. கொள்ளின் காற்றுத் தொல்லை வேறு. ஜீப்பில் என் பக்கத்துத் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டச் சொல்லி சிலமலைப் பிள்ளை டிரைவரிடம் மனு கொடுத்தாள்.

இத்தனை அவமானமும் பட்டு, ஒரு மாதம் கழித்து டாக்டரம்மாவின் மிஷினில் ஏறினேன். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

மிஷின் கெட்டுப்போய்விட்டது என்று நர்ஸிடம் சொன்னேன். அவள் தான் ஏறிக் காட்டினாள். மிஷின் நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டை ஒன்று விடாமல் சொன்னேன், இந்தத் தடவை பொய்யே இல்லை. டாக்டரம்மா நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அழுதுவிட்டேன். ஒரு எடுப்பு முடியப் போகிறது. கொள்ளின் மேல், கேப்பையின் மேல், சுரைக்காயைப் படைத்தவன் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. வீட்டில் இன்னும் இரண்டு கிலோ கொள்ளு இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் தேவாரத்து அக்கா தன் ஜாக்கெட்டுகளைப் பிடிக்கத் தையல்காரரிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். இரண்டு பக்கமும் லூசாகிவிட்டதாம். காரணம் தெரியவில்லையாம்.

காரணம் எனக்குத் தெரிந்தது சிலமலையில் கோயில் பொங்கல் வைத்த நாளில். செட்டில் பாதிக்கு மேல் அங்கே சொந்தம், போய்விட்டார்கள். தேவாரத்து அக்காவும் நானும் இன்னொருத்தியும் மட்டும்தான் வந்தோம். மதியம் மரத்தடியில் பாத்திரத்தைத் திறந்தோம். எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவள் முதலில் தான் சாப்பிட மாட்டாள். மற்ற எல்லோருடைய மூடியிலும் ஆளுக்கு ஒரு கை வைப்பாள். அப்படி எல்லோரும் வைத்து முடித்த பிறகுதான் வாயில் போடுவோம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, நான் சேர்ந்த நாளிலேயே இருந்தது. எட்டுப் பேர் வந்தால் ஒரு மூடியில் ஏழு கை விழும். புளிச்சோறு ஒரு கை, தக்காளிச் சோறு ஒரு கை, மரவள்ளிக்கிழங்கு ஒரு கை, கருவாட்டுக் குழம்புச் சோறு ஒரு கை. அன்றைக்கு என் மூடியில் இரண்டே கைதான் விழுந்திருந்தது. அந்த மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதமாக நான் என் பாத்திரத்தைத்தான் குறைத்திருந்தேன். மூடியைக் கவனிக்கவே இல்லை. அது சாப்பாடு என்றே எனக்குத் தோன்றியதில்லை, பேச்சு மாதிரி அது. சாயங்காலம் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்கூட என் பாத்திரத்தைத்தான் சொல்வேன். ஏழு கை எங்கே போனது என்று என் வயிற்றுக்கு மட்டும்தான் தெரியும்.

தேவாரத்து அக்கா பேச்சுவாக்கில் சொன்னதில் இன்னொன்றும் விளங்கியது. கங்காணி சொன்னது செட்டுக்குத் தெரியும். நான் எதற்குக் கொள்ளுத் தின்கிறேன் என்பது தெரியாது. ஊருக்கே கேலி செய்யக் கிடைத்த உடம்பு, அதைக் குறைக்கிறேன் என்று என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. ஏதோ சத்துக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் கூடிப் பேசி, இவளுக்கு முட்டியில் தெம்பு இல்லை, அதனால்தான் எழ முடியவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்கு வைக்கிற கை மட்டும் பெரிய கையாகிவிட்டது. மேலே ஒரு உருளைக்கிழங்கு வேறு. நான் ஸ்டோருக்குப் போகக்கூடாது என்று அவர்களும், போகக்கூடாது என்று நானும், சேர்ந்தே என்னை ஸ்டோருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். என் சுண்டலோ ஏழு மூடிகளில் போய் ஜாக்கெட்டுகளை லூசாக்கிக்கொண்டிருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது, வழிதான் தெரியவில்லை. மூடியை மூடி வைப்பது எங்களுக்குள் சண்டைக்கு அடையாளம். ஒரு தடவை போடிக்காரிகள் இருவர் ஒரு வாரம் ஒருத்திக்கு ஒருத்தி மூடியைக் கவிழ்த்து வைத்தார்கள். அந்த ஒரு வாரமும் ஜீப்பில் மூச்சுவிடப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன். விழுந்த கைகளை நைசாக ஒரு பாலித்தீன் பையில் தள்ளி, கைகழுவப் போகிற சாக்கில் தோட்டத்து நாய்க்குப் போட்டேன். நாலு நாள் நன்றாகப் போனது. ஐந்தாம் நாள், எட்டுப் பேரும் பாத்திரத்தைத் திறக்குமுன்னே நாய் வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தது. மற்ற ஏழு பேரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதினிக்கு உடனே புரிந்துவிட்டது. என் மடியிலிருந்த பையை எடுத்து விரித்துப் பார்த்தாள். முந்தின நாள் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை அதில் இருந்தது.

"எங்க கை சோறு நாய்க்கா?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போய்விட்டாள். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. ஜீப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இறக்கத்தில் வளைவு வளைவாக ஜீப் திரும்பும்போது அவள் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. நாலு கை சோற்றுக்கு இப்படியா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

மூன்றாம் நாள் மதியம், எல்லோரும் உட்கார்ந்ததும், நான் என் மூடியை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மூடினேன். தேவாரத்து அக்கா கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தாள். டாக்டரம்மா சொன்னது, மிஷினில் கூடிப்போனது, கொள்ளு எதற்கு என்பது, எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வேணாம்னு மூடல மதினி. ஒங்களோடயே வரணும்னுதான் மூடுறேன்."

மதினி எழுந்து வந்து என் மூடியை அவளே திறந்தாள். தன் பாத்திரத்தில் சோற்றை ஓரமாக ஒதுக்கி, முருங்கைக்கீரைப் பொரியலில் ஒரு கை அள்ளி வைத்தாள்.

"இது சோறு இல்லேல்ல? தின்னு."

அன்றோடு சட்டம் மாறியது. மூடியில் சோறு விழக்கூடாது, தொட்டுக்கொள்வதுதான் விழலாம். சட்டம் போடுவது சுலபம், நடத்துவதுதான் பெரும் பாடு. ஊறுகாயை மட்டும் எப்படி ஒரு கை வைப்பது என்று ஒவ்வொருத்திக்கும் கௌரவப் பிரச்சினை வந்துவிட்டது. மறுவாரமே பீர்க்கங்காய்க் கூட்டும் வாழைத்தண்டும் பச்சைப்பயறும் மொச்சையும் வரிசையில் வந்தன. சிலமலைப் பிள்ளை மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து, கிழங்கும் காய்தானே என்று வாதாடினாள். இரண்டு மதியச் சாப்பாடு அந்த வழக்கிலேயே போனது. கடைசியில் மதினி தள்ளுபடி செய்தாள். அப்பளம் காயா என்று டிரைவர் கேட்டார், அவருக்கு ஓட்டு இல்லை என்று சொல்லிவிட்டோம். நாய் மட்டும் ஒரு வாரம் என் எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு என்மேல் நம்பிக்கை இழந்து ஸ்டோர் பக்கம் போய்விட்டது.

டாக்டரம்மா சொன்ன பத்து இறங்கவில்லை. மூன்றாவது எடுப்புக்கு முந்தின ஞாயிறு மிஷினில் ஏறியபோது, கூடின ஒன்றரையும் போய், அதற்கு மேலே மூன்று கிலோ குறைந்திருந்தது. நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்காரர் அதைக் கொண்டாட உருளைக்கிழங்கு வாங்கி வந்தார்.

எடுப்பின் முதல் நாள் கங்காணி என் வரிசைக்கே வந்து நின்றார். பயமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. முதல் தூரில் உட்கார்ந்தேன். இலையை விலக்கினேன், காயைக் கிள்ளினேன், எத்தனை கிள்ளினேன் என்று தெரியாது. பிறகு கையைத் தரையில் ஊன்றி, வலது முழங்காலைப் பிடித்து, எழுந்தேன். அழகாக எழவில்லை. நடுவில் ஒரு ஆட்டம் ஆடியது. ஆனால் யாரும் தொடவில்லை. திரும்பிப் பார்த்தால் ஏழு பேரும் காய் எடுப்பதை விட்டுவிட்டு அவரவர் தூரடியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி சத்தம் போட்ட பிறகுதான் கைகள் நகர்ந்தன. மத்தியானம்வரை அவர் என் பின்னாலேயே இருந்தார். நான் மத்தியானம்வரை எழுந்துகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் காய் நிறுத்து முடித்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். ஸ்டோருக்கு எழுதி வைத்திருந்த பெயரை அடித்துவிட்டதாகச் சொன்னார். கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார்.

"ரெண்டு பேரு எழுதியிருந்தேன் சேச்சி. ரெண்டையும் அடிச்சாச்சு."

இரண்டாவது பெயர் யார் என்று கேட்டேன். அவர் ஜீப்பைப் பார்த்து முகவாயை ஆட்டினார். அங்கே மதினி ஏறிக்கொண்டிருந்தாள். நான் சேற்றில் விழுந்த மறுநாளே மதினி அவரிடம் போய், நான் ஸ்டோருக்குப் போனால் தானும் போவதாகவும், தன் பெயரையும் எழுதிக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தோட்டத்திலேயே வேகமான கை. யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் அவள் வைத்த சோற்றை நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் எல்லாம் அந்தப் பெயர் கங்காணியின் நோட்டில் என் பெயருக்குக் கீழே இருந்திருக்கிறது.

ஜீப்பில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் மதினி அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பாமல் காலில் ஒட்டியிருந்த அட்டைப்பூச்சியைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சூட்டுக்குள்ள உக்காந்து காய் பெறக்குறது எனக்கு ஆகவே ஆகாது" என்றாள். "நல்லவேளை, எந்திரிச்சுட்ட."